இரண்டாம் மாடத்தின் படிக்கட்டு: ஒரு திரையரங்கின் வரலாறும் ஒரு சட்டச் சொல்லின் பயணமும்

தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் பால்கனி என்பது கூடுதல் காசு கொடுப்போரின் இடம். தரை டிக்கெட்டும் பெஞ்சு டிக்கெட்டும் திரைக்கு அருகே இருந்தன. மெத்தை நாற்காலியும் பால்கனியும் பின்னே, உயரத்தே இருந்தன. அமெரிக்கத் தென்மாநிலங்களின் நகர்மையத் திரையரங்குகளில் இந்த ஏற்பாடு தலைகீழாக இருந்தது. அங்கே கீழ்த்தளம் வெள்ளையர்க்கு. உச்சியில் இருந்த மாடம் கறுப்பின மக்களுக்கு. அதற்குத் தனி வாயில், தனி டிக்கெட் சாளரம், தனிப் படிக்கட்டு.

உயரம் ஓரிடத்தில் மதிப்பையும் மற்றோரிடத்தில் இழிவையும் குறித்தது. எனவே இருக்கையின் உயரத்தில் பொருள் ஏதுமில்லை. யார் எங்கே அமர வேண்டும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதே கேள்வி. அந்தக் கேள்வியைக் கட்டடமாகவே நிறுத்தி வைத்திருந்த ஓர் அரங்கின் வரலாற்றை இக்கட்டுரையில் பார்க்கிறோம். வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரிலுள்ள கரோலினா திரையரங்கு அது. அந்த வரலாற்றின் பின்னணியிலுள்ள ஒரு சட்டம் நம் நாட்டுச் சட்டநூலுக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கிறது என்பதால், இதை அயல்நாட்டுக் கதையாக மட்டும் நாம் படிக்க இயலாது.

நகரம் கட்டிய அரங்கு

டர்ஹாம் புகையிலைத் தொழிலால் வளர்ந்த நகரம். 1926 பிப்ரவரியில் அதன் நகர்மையத்தில் 'டர்ஹாம் ஆடிட்டோரியம்' என்ற பெயரில் இந்த அரங்கு திறக்கப்பட்டது. பேசும் படங்கள் வந்த காலத்தில் அது திரையிடலுக்கு ஏற்ப மாற்றப்பட்டு, 'கரோலினா தியேட்டர்' என்ற பெயரைப் பெற்றது. கட்டடத்தின் உரிமை நகராட்சியினுடையது. திரையரங்காக அதை நடத்தியது தனியார்.

இந்த அரங்கு தொடக்கத்திலிருந்தே கறுப்பின மக்களை அனுமதித்தது. அதைத் தாராள மனப்பான்மை என்று சொல்லிக்கொள்வதற்கும் அங்கே ஆள் இருந்தனர். ஆனால் அந்த அனுமதி இரண்டாம் மாடம் வரை மட்டுமே. முன்வாயிலின் ஒளிவிளக்குகளுக்குக் கீழே அவர்கள் நுழைய முடியாது. தனி வழியில் ஏறி, உச்சியை அடைந்து, அங்கிருந்து திரையைக் குனிந்து பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் டர்ஹாமின் கறுப்பின மக்கள் பொருளாதார வலிமை அற்றவர்கள் அல்லர். 1898இல் கறுப்பினத்தவர் நிறுவிய 'வட கரோலினா மியூச்சுவல்' ஆயுள் காப்பீட்டு நிறுவனம் இந்நகரில்தான் இயங்கியது. அந்த நிறுவனமும் கறுப்பினத்தாரின் வங்கியும் அமைந்திருந்த பாரிஷ் தெரு 'கறுப்பு வால் ஸ்ட்ரீட்' என்று அழைக்கப்பட்டது. ஹேட்டை என்னும் கறுப்பினக் குடியிருப்பில் அவர்களுக்கெனக் கடைகளும் தேவாலயங்களும் திரையரங்குகளும் இருந்தன. காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரி ஆனாலும் புகையிலை ஆலையின் கூலித் தொழிலாளி ஆனாலும், கரோலினா திரையரங்கில் ஏற வேண்டிய படிக்கட்டு ஒன்றே. தாங்கள் வரி செலுத்தும் நகராட்சிக்குச் சொந்தமான கட்டடத்தில், தங்கள் காசுக்கு டிக்கெட் வாங்கி, அவர்கள் அந்தப் படிக்கட்டில் ஏறினர்.

தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகலைக் கூடம் திரையரங்கே என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சமூகப் படிநிலை அன்று, வாங்கும் திறனே என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். தமிழ்த் திரைப்படம் குறித்த விவாதங்களில் இன்றும் முன்வைக்கப்படும் கருத்து அது. டர்ஹாமின் அரங்கு அதற்கு ஓர் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்க்கிறது. காசு தானாக எவரையும் சமமாக்கிவிடுவதில்லை. கட்டடத்தின் உரிமையாளரும் வாயிலில் நிற்பவரும் ஒப்பினால்தான் காசு செல்லும். அவர்கள் ஒப்பாதபோது செல்ல வேண்டியது சட்டம். அமெரிக்காவில் அந்தச் சட்டத்திற்கு என்ன நேர்ந்தது?

1875இல் பிறந்து 1883இல் வீழ்ந்த சட்டம்

உள்நாட்டுப் போருக்கும் அடிமைமுறை ஒழிப்புக்கும் பின்னர், 1875 மார்ச் 1 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் குடிமை உரிமைகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விடுதிகள், நிலத்திலும் நீரிலும் செல்லும் பொதுப் போக்குவரத்து, நாடக அரங்குகள், பிற பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றை அனைவரும் முழுமையாகவும் சமமாகவும் பயன்படுத்தும் உரிமையை அது வழங்கியது. மறுப்பது குற்றமாக்கப்பட்டது. சினிமா என்பதே பிறக்காத காலத்தில் 'அரங்கு' என்ற சொல் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது.

அச்சட்டத்தைப் பயன்படுத்தியவர்களுள் ஒருவர், அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற வில்லியம் டேவிஸ். 1879இல் நியூயார்க்கின் கிராண்ட் ஓபரா ஹவுஸ் அரங்குக்கு அவர் டிக்கெட்டோடு சென்றார். அந்த டிக்கெட் செல்லாது என்று வாயிற்காவலர் சிங்கிள்டன் தடுத்தார். சான் பிரான்சிஸ்கோவின் மகுவயர்ஸ் அரங்கிலும் ஒரு கறுப்பினத்தவருக்கு இருக்கை மறுக்கப்பட்டது. இவ்விரண்டோடு, விடுதிகளும் இரயில் பயணமும் தொடர்பான மூன்று வழக்குகளும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் சென்றன. 1883இல் தீர்ப்பு வந்தது. எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம்.

பெரும்பான்மையின் வாதம் எளியது: சம பாதுகாப்பைச் சொல்லும் 14ஆவது அரசமைப்புத் திருத்தம் அரசின் செயல்களையே கட்டுப்படுத்தும், தனியார் பாகுபாட்டைத் தடைசெய்ய நாடாளுமன்றத்திற்கு அது அதிகாரம் தரவில்லை. சட்டத்தின் இப்பிரிவுகள் செல்லாதவை ஆயின. நீதிபதி ஹார்லன் மட்டும் மறுத்தார். கேளிக்கை இடங்கள் பொது அதிகாரம் வழங்கும் உரிமத்தால் இயங்குபவை; அந்தப் பொதுமக்களில் கறுப்பினத்தவரும் ஒரு பகுதியினர் என்று அவர் வாதிட்டார். 'உரிமம்' என்னும் இந்தச் சொல்லைக் கருத்தில் கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மீண்டும் அதனிடம் வருவோம்.

1926இல் கரோலினா திரையரங்கு கட்டப்பட்டபோது, அரங்குகளில் பாகுபாடு கூடாது என்று சொன்ன நாடு தழுவிய சட்டம் இறந்து 43 ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரித்து வைப்பதும் சமத்துவமே என்று 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தது. இரண்டாம் மாடத்தின் படிக்கட்டு இந்த இரு தீர்ப்புகளின் மீது எழுந்து நின்றது.

வரிசையின் கடைசிக்குத் திரும்பியவர்கள்

1957 ஜூனில் டர்ஹாமின் மெதடிஸ்ட் போதகர் டக்ளஸ் மூர் நகர மன்றத்திடம் ஒரு கோரிக்கையை வைத்தார். நகர நூலகத்திலும் கரோலினா திரையரங்கிலும் நடக்கும் இனப்பிரிவினையை நிறுத்த வேண்டும் என்பது அது. நகராட்சிக்குச் சொந்தமான இடங்களை அவர் தேர்ந்தெடுத்ததில் சட்ட நுட்பம் உண்டு. எனினும் திரையரங்கில் பிரிவினை தொடர்ந்தது.

அதே மாதம் 23ஆம் நாள், மூரும் ஆறு இளையோரும் ராயல் ஐஸ்கிரீம் கடையில் வெள்ளையர் பகுதியில் அமர்ந்தனர். அத்துமீறி நுழைந்ததாகக் கைது செய்யப்பட்டு, ஆளுக்குப் பத்து டாலர் அபராதம் விதிக்கப்பட்டனர். மாநில உச்ச நீதிமன்றம் 1958இல் தண்டனையை உறுதிசெய்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்க மறுத்தது. புகழ்பெற்ற கிரீன்ஸ்பரோ உள்ளிருப்புப் போராட்டம் நடந்தது 1960 பிப்ரவரி 1 அன்று. டர்ஹாமின் எழுவர் அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே அமர்ந்துவிட்டனர், தோற்றும்விட்டனர். நீதிமன்றத்தில் தோற்றது தெருவில் வீணாகவில்லை.

1960களின் தொடக்கத்தில் இளையோரின் போராட்டம் திரையரங்கின் வாசலுக்கு வந்தது. வட கரோலினா கல்லூரியின் கறுப்பின மாணவர்களும், ஹில்சைடு உயர்நிலைப் பள்ளி மாணவர்களும், டியூக் பல்கலைக்கழகத்தின் வெள்ளையின மாணவர் சிலரும் அதில் பங்கேற்றனர். அவர்களுக்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் வழக்கறிஞர் ஃபிளாய்ட் மெக்கிசிக். வட கரோலினா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் கதவை 1951இல் வழக்காடித் திறந்தவர்களுள் அவரும் ஒருவர்.

1962இல் அவர்கள் கையாண்ட முறை வரிசைப் போராட்டம். வெள்ளையர்க்கான டிக்கெட் சாளரத்தின் முன் அனைவரும் வரிசையில் நிற்பர். முதலாமவர் டிக்கெட் கேட்பார், மறுக்கப்படும். அவர் சண்டையிடாமல் வரிசையின் கடைசிக்குச் சென்று மீண்டும் நிற்பார். அடுத்தவர் கேட்பார், மறுக்கப்படும், அவரும் கடைசிக்குச் செல்வார். வரிசை சுழன்றுகொண்டே இருக்கும். சாளரத்திற்குள் இருப்பவர் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்து, ஒவ்வொரு முறையும், தன் வாயால் மறுக்க வேண்டும். பாகுபாடு கட்டடத்தின் அமைப்பாகவும் வழக்கமாகவும் இருக்கும்வரை அதற்கு முகம் கிடையாது. இந்த வரிசை அதற்கு ஒரு முகத்தையும் குரலையும் கொடுத்தது. வெள்ளையர் டிக்கெட் வாங்குவதும் தாமதமானது, வசூலும் பாதிக்கப்பட்டது.

பக்கத்து ஊரான சேப்பல் ஹில்லில் இதே பெயரில் இன்னொரு திரையரங்கு இருந்தது. கறுப்பின மக்களின் வாழ்க்கையைக் காட்டும் 'போர்கி அண்ட் பெஸ்' படம் 1961இல் அங்கே வெள்ளையர்க்கு மட்டும் திரையிடப்பட்டது. அதற்கு எதிராகவும் மறியல் நடந்தது. ஒரு மக்களின் வாழ்க்கை திரையில் விற்பனைப் பொருளாகலாம், அந்த மக்கள் மட்டும் இருக்கையில் அமரக் கூடாது என்பதே அந்த அரங்கின் நிலைப்பாடு.

1963 மே மாதம், நகரத் தேர்தலையொட்டி டர்ஹாமில் பெருந்திரள் ஆர்ப்பாட்டங்கள் வெடித்தன. நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். புதிய மேயர் வென்ஸ் கிராபரெக் பேச்சுவார்த்தைக்கு ஒரு குழுவை அமைத்தார். அவ்வாண்டிலேயே கரோலினா திரையரங்கு பிரிவினையைக் கைவிட்டது. 37 ஆண்டுகளுக்குப் பின் கறுப்பின மக்கள் முன்வாயில் வழியே நுழைந்து, கீழ்த்தளத்தில் அமர்ந்து படம் பார்த்தனர்.

கட்டடம் யாருடையது?

சட்டம் படிக்கும் மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். 1961இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பர்ட்டன் வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில், அரசு அமைப்பு ஒன்றுக்குச் சொந்தமான வாகன நிறுத்தக் கட்டடத்தில் வாடகைக்கு இயங்கிய உணவகம் கறுப்பினத்தவருக்கு உணவளிக்க மறுத்தது. கட்டடம் பொதுமக்களின் பணத்தில் எழுந்தது. வாடகையால் அரசமைப்பு பயனடைகிறது. ஆகவே இந்தப் பாகுபாட்டில் அரசும் பங்காளி என்று நீதிமன்றம் கூறியது. அந்தத் தருக்கத்தைப் பொருத்திப் பார்த்தால், நகராட்சிக் கட்டடத்தில் இயங்கிய கரோலினா திரையரங்கின் பிரிவினையும் நிற்கக்கூடியதன்று. மூர் 1957இல் நகர மன்றத்திடம் போனதன் நியாயம் நான்கு ஆண்டுகளுக்குப் பின் தீர்ப்பு வடிவம் பெற்றது.

முழுமையாகத் தனியாருக்குச் சொந்தமான அரங்குகளுக்கு 1964 ஜூலை 2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று கையொப்பமான குடிமை உரிமைகள் சட்டத்தின் இரண்டாம் பகுதி, திரையரங்குகளைப் பெயர் சொல்லியே உள்ளடக்கியது. 1883 தீர்ப்பின் தடையைத் தாண்ட, சட்டம் சமத்துவத்தை விட்டு வணிகத்தின் மேல் காலூன்றியது. மாநில எல்லை தாண்டி வரும் படங்களைத் திரையிடும் அரங்கு மாநிலங்களிடை வணிகத்தின் பகுதி, அந்த வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்திற்கு அதிகாரம் உண்டு என்பது வாதம். மனிதர் நுழைவதற்கான உரிமையைப் படச்சுருள் பெற்றுத்தர வேண்டியிருந்தது. 1883இலிருந்து எண்ணினால் 81 ஆண்டுகள்.

வட்டமேசைக்கு வந்த சொல்

இந்த 81 ஆண்டுகளுக்கு இடையே, இறந்துபோன அந்த 1875ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு நாட்டில் உயிர்பெற்றது.

1930-31இல் இலண்டனில் நடந்த முதலாம் வட்டமேசை மாநாட்டில், ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கான அரசியல் பாதுகாப்புத் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. அதில் கையொப்பமிட்டவர்கள் இருவர்: அண்ணல் அம்பேத்கர், தமிழ்நாட்டின் இரட்டைமலை சீனிவாசன். சம உரிமைகளைத் தடையின்றி அனுபவிப்பது குறித்த பகுதியில், விடுதிகள், கல்விக்கூடங்கள், சாலைகள், தெருக்கள், குளங்கள், கிணறுகள், பொதுப் போக்குவரத்து ஆகியவற்றோடு அரங்குகளையும் பிற பொதுக் கேளிக்கை இடங்களையும் அவர்கள் பட்டியலிட்டனர். பொதுமக்களின் பயன்பாட்டுக்கென உரிமம் பெற்ற இடங்கள் என்ற வரையறையும் அதில் உண்டு. மறுப்போருக்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை கோரினர். அந்த வாசகத்தின் மூலமாக அவர்கள் சுட்டியவை அமெரிக்காவின் 1866, 1875 ஆண்டுகளின் குடிமை உரிமைகள் சட்டங்கள். 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்திலும் அம்பேத்கர் இதே கோரிக்கையை மீண்டும் வைத்தார்.

அமெரிக்கப் பட்டியலோடு ஒப்பிட்டால் அவர்கள் சேர்த்தவை எவை என்பது விளங்கும். குளமும் கிணறும் தெருவும் நம் மண்ணின் தீண்டாமையிலிருந்து வந்தவை. அரங்கு என்ற சொல் அங்கிருந்து வந்தது.

இந்திய அரசமைப்பின் 15(2)ஆவது கூறில் கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் என்று நாம் படிப்பதன் பின்னே இந்த வரலாறு நிற்கிறது. 1883இல் அமெரிக்க நீதிமன்றம் எழுப்பிய தடை இங்கே இல்லை. 15(2) அரசை மட்டும் நோக்கிப் பேசவில்லை. கடைக்காரரையும் அரங்க உரிமையாளரையும் கட்டுப்படுத்துகிறது. 17ஆவது கூறு தீண்டாமையை எவ்வடிவிலும் ஒழிக்கிறது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், பின்னர் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. தீண்டாமையின் பேரில் பொதுக் கேளிக்கை இடத்தில் நுழைவதைத் தடுப்பதை அதன் 4ஆவது பிரிவு குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், மறுப்பு நிரூபிக்கப்படும்வரை அச்செயல் தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆவது பிரிவு. ஆனால் முதல் முறை குற்றத்திற்குச் சிறைத்தண்டனை ஆறு மாதத்தைத் தாண்டாது.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்.ஏ), பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொதுக் கேளிக்கை இடத்தில் நுழைவதைத் தடுப்பதற்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் கேட்ட அளவு நம் சட்டநூலுக்கு வந்துசேர 85 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கையில் டிக்கெட், வாயிலில் தடை

2023 மார்ச் 30 அன்று சென்னையின் ஒரு திரையரங்கில், கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தினரை வாயிலில் இருந்த ஊழியர்கள் தடுத்தனர். நரிக்குறவர் சமூகம் பட்டியல் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டு அப்போது மூன்று மாதங்களே ஆகியிருந்தன. காணொளி பரவி, எதிர்ப்பு எழுந்த பிறகே அவர்கள் உள்ளே விடப்பட்டனர். படம் யு/ஏ சான்றிதழ் பெற்றது, குழந்தைகள் இருந்ததால் தடுத்தோம் என்று விளக்கம் சொல்லப்பட்டது. யு/ஏ சான்றிதழ் பெற்றோரின் வழிகாட்டலோடு சிறுவர் பார்க்கலாம் என்றே சொல்கிறது. பெற்றோர் உடனிருக்கையில் தடுக்கச் சொல்லவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கும் பதியப்பட்டது.

1879இல் வில்லியம் டேவிஸிடம் சொல்லப்பட்டதும் ஏறத்தாழ இதுவே: டிக்கெட் இருக்கிறது, ஆனால் செல்லாது. ஒவ்வொரு காலத்திலும் வாயிலில் நிற்பவருக்கு ஒரு விதி கிடைத்துவிடுகிறது. அந்த விதி எல்லாரிடமும் ஒரே அளவில் செலுத்தப்படுகிறதா என்று கேட்பதே நம் பணி.

களத்தில் உள்ள தோழர்கள் மூன்றை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, சாதிப் பெயர் சொல்லித் திட்டினால்தான் வழக்கு என்பது தவறான எண்ணம்; நுழைவைத் தடுப்பதே தனிக்குற்றம். இரண்டாவது, முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் ஆரம்ப விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு தெளிவாகக் கூறுகிறது. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பொது ஊழியர் 4ஆவது பிரிவின்கீழ் பொறுப்பாவார். மூன்றாவது, டிக்கெட்டையும் நேரத்தையும் காணொளியையும் சாட்சிகளின் பெயர்களையும் அன்றே பதிந்து வையுங்கள். டர்ஹாமின் வரிசை செய்தது இதையே. மறுப்பை ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியும் செயலாக்கியது.

படிக்கட்டை என்ன செய்வது?

பிரிவினை முடிந்த பின் கரோலினா திரையரங்கு நெடுநாள் செழிக்கவில்லை. மக்கள் புறநகருக்குப் பெயர்ந்தனர், நகர்மையம் வெறிச்சோடியது. 1970களின் இறுதியில் அரங்கு மூடப்பட்டு, இடிபடும் நிலைக்கு வந்தது. உள்ளூர்த் தன்னார்வலர்கள் அதை மீட்டனர். விரிவான புதுப்பிப்புக்குப் பின் 1994இல் மீண்டும் திறக்கப்பட்டது; இன்றும் நகராட்சியின் உடைமையாக இயங்குகிறது. ஹேட்டைக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் போடப்பட்ட விரைவுச்சாலை அக்குடியிருப்பைப் பிளந்து சிதைத்தது. வெள்ளையர் கீழ்த்தளத்தில் அமர்ந்த அரங்கு மரபுச் சின்னமாயிற்று. கறுப்பினத்தார் தமக்கென எழுப்பிய தெருக்கள் மண்ணோடு போயின. எது பாதுகாக்கத் தக்கது என்பதைத் தீர்மானிப்பதிலும் அதே அதிகாரம் வேலை செய்கிறது.

ஆயினும் கரோலினா திரையரங்கு தன் வரலாற்றை மறைக்கவில்லை. பிரிவினையையும் அதற்கெதிரான போராட்டத்தையும் சொல்லும் கண்காட்சி அரங்கிற்குள்ளேயே வைக்கப்பட்டுள்ளது. வேலைப்பாடுகளைக் காண வருபவர் வரிசையில் நின்றவர்களையும் காண நேர்கிறது.

நம் ஊர்களில் பழைய திரையரங்குகள் நாள்தோறும் கல்யாண மண்டபங்களாகவும் வணிக வளாகங்களாகவும் மாறுகின்றன. முதல் படம் எது, வெள்ளிவிழா கண்டது எது என்று ஏக்கத்தோடு எழுதப்படுகிறது. சேரியிலிருந்து வந்தவர்கள் எங்கே அமர்ந்தனர், டூரிங் டாக்கீஸின் மணல்தரையில் எந்தப் பக்கம் யாருக்கு இருந்தது, இடைவேளையில் தேநீர் எந்தக் குவளையில் தரப்பட்டது என்பதை எவரும் எழுதுவதில்லை. அதைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் இந்த விடுமுறையில் தம் ஊரின் ஓர் அரங்கைத் தேர்ந்தெடுத்து, அவர்களிடம் கேட்டு, எழுதி வையுங்கள். கட்டடம் போன பின்பும் அந்தப் பதிவு சாட்சியாக நிற்கும்.